கழுவிய உப்பு எங்கே போகும்?

"தம்பி, நீங்கள் கழுவிவிடுகிற உப்பு எங்கே போகும்?" மேல்கண்மாய் வயல்களின் உப்பைக் கழுவிவிட ஒரு வடிகால் வெட்டுவதற்கு அளவுக்கயிறு பிடித்துக்கொண்டிருந்தபோது கீழ்க்கண்மாய்க்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"மழைத்தண்ணீரோடு கலந்து நீர்த்துவிடும் ஐயா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னது பொய் இல்லை. தேவகோட்டைப் பக்கம் மேல்கண்மாயின் கரையை ஒட்டிய அந்தப் பள்ள வயல்களில் கசிவு நின்றுகொண்டே இருக்கும். பாய்வதற்கும் வடிவதற்கும் ஒரே வாய்க்கால். பழைய தண்ணீர் வெளியேறுவதற்குள் தண்ணீர் விடும் பொறுப்பாளரான நீர்ப்பாய்ச்சி மடையைத் திறந்துவிடுவார். வடிந்ததெல்லாம் வயலுக்கே திரும்பும். வெயில் ஏறினால் வரப்போரம் வெள்ளையாகப் பூத்துவிடும். உவர் தாங்கும் கோ 43 நெல்லும் அங்கே தேறவில்லை. உப்பு ஏற ஏறக் கூடும் மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டினால் உவர் நிலம்; இங்கே தாண்டியிருந்தது. சோடியம் மிகுந்த களராக இருந்தால் ஜிப்சம் இட்டிருப்போம். வெறும் உவருக்கு நல்ல தண்ணீரைக் கட்டி வடிப்பதுதான் வைத்தியம். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

வடிகாலைத் தனியாக வெட்டும் யோசனை இந்தோனேசியாவில் உள்ள கலிமந்தானின் சதுப்பு வயல்களிலிருந்து வந்தது. அங்கே வரத்துக்கு ஒரு வாய்க்கால், வடிகாலுக்கு வேறொன்று. கடலின் ஓதத்தால் ஆற்றுநீர் ஏறும்போது வரத்து மடையின் கதவு தானாகத் திறக்கும். இறங்கும்போது அது மூடிக்கொள்ள, வடிகால் கதவு திறக்கும். தண்ணீர் ஒரே திசையில் ஓடும். அந்த மண்ணில் இருக்கும் இரும்புக் கந்தகம் காற்றுப்பட்டால் கந்தக அமிலமாகும். அதை இந்த ஓட்டம் அலசிக்கொண்டுபோய் ஆற்றில் விடும்.

நம் சீமையில் ஏது ஓதம்? ஒரு கண்மாயின் வடிகால்தான் அடுத்த கண்மாயின் வரத்துக்கால். ஐப்பசி, கார்த்திகையில் கீழ்க்கண்மாய் நிரம்பி, உபரித் தண்ணீர் கலுங்கு வழியே பாய்ந்தால் உப்பு மேலும் கீழே போகும், கவலை இல்லை. பாயாத ஆண்டில் கீழ்க்கண்மாயிலேயே தங்கும். அன்று அவர் அதைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வதும் என் வேலையா என்று சில நாள் தோன்றும். அவர் கேட்டது அதைத்தானே என்றும் தோன்றும்.

இப்போது பள்ள வயலில் நாற்று பச்சை பிடித்திருக்கிறது. மேல்கண்மாய்க்காரர்களுக்கு மகிழ்ச்சி. பெரும்பாலும் சிறு நிலக்காரர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் செய்தது சரி என்றே படுகிறது. ஆனாலும் வடிகால் முனையில் ஒரு பலகைக் கதவு வைக்க வேண்டும், கலுங்கு பாயும் ஆண்டில் மட்டுமே அதைத் திறக்க வேண்டும் என்று புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். கதவின் சாவி எந்த ஊரிடம் இருப்பது என்று இரண்டு ஊரும் இன்னும் கூடிப் பேசவில்லை.