கத்தரி வைக்கலாமா

14 ஜூலை 2025, திங்கள்

பினாங்கு தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு டாக்டரம்மாவின் வீட்டைத் துணிகளால் அலங்கரிக்க அளவெடுத்துவிட்டு வந்தேன். பதினான்காவது மாடி. கூடத்தில் ஒரு பக்கம் கடல், மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மாலை நான்கு மணிக்கு உள்ளே நின்றால் தோசைக்கல்லில் நிற்பது போல இருக்கிறது. "எல்லாம் கையால செஞ்சதா இருக்கணும்மா, எந்த நாட்டுதா இருந்தாலும் சரி" என்றார். சோபாவுக்கு எட்டு குஷன் உறை, சுவருக்கு ஒரு பெரிய துணி, கட்டில் விரிப்பு, தரைக்கு ஏதாவது ஒன்று.

அப்புறம் போனில் ஒரு படம் காட்டினார். சரவாக்கில் இபான் பழங்குடிப் பெண்கள் நெய்யும் சடங்குத் துணியான புவா கும்புவை யாரோ ஒருவர் வெட்டிக் குஷன் தைத்திருக்கிறார். "இதே மாதிரி வேணும்." சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டேன். லிஃப்டில் இறங்கும்போதுதான் வயிற்றைப் பிசைந்தது.

19 ஜூலை, சனி

குஷனுக்கென்று வேறொருவரிடம் கேட்டிருந்த 'கைத்தறி இக்காட்' மாதிரிகள் வந்தன. பெட்டியைப் பிரித்ததுமே சந்தேகம். ஓரத்திலிருந்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். இக்காட்டில் நூலைக் கட்டிச் சாயத்தில் முக்கிய பிறகுதான் தறியில் ஏற்றுவார்கள். அதனால் ஒற்றை நூலைத் தனியே எடுத்தாலும் இரண்டு அங்குலம் நீலம், ஒரு அங்குலம் வெள்ளை, மறுபடியும் நீலம் என்று நூலின் உள்வரை நிறம் மாறிக்கொண்டே போகும். நிறம் மாறும் இடம் கொஞ்சம் கலங்கியிருக்கும். இந்த நூலோ ஒரு பக்கம் நீலம், திருப்பினால் வெளிறிய வெள்ளை. மேலே அச்சடித்த துணி. அந்தக் கலங்கலைக்கூட அச்சில் கொண்டுவந்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்தான்.

திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினேன். "வாடிக்கையாளருக்குத் தெரியவா போகிறது" என்று பதில் வந்தது. பெட்டியைக் கட்டிவிட்டேன். கூரியர் செலவு என் தலையில்.

28 ஜூலை, திங்கள்

சரவாக் தலைநகர் கூச்சிங்கில் இருக்கும் தோழி மூலம் காப்பிட் பக்கத்து நெசவுக்காரப் பெண்மணி ஒருவரின் புவா கும்பு கிடைத்தது. விலை 3,200 வெள்ளி (ரிங்கிட்). படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு துண்டாக நெய்து நடுவில் கையால் இணைத்த தையல் தெரிகிறது. செங்கல் சிவப்பு எங்குடு வேரிலிருந்து வருவது. நம் ஊர் நுணா மரத்துக்கு உறவு.

அந்தச் சிவப்பு நூலில் ஏறுவதற்காக இபான் பெண்கள் நூலைப் பதப்படுத்தும் சடங்குக்குப் 'பெண்களின் போர்' என்று பெயர். ஆண்கள் தலைகொய்யப் போன காலத்தில் இது அதற்கு இணை. கொண்டுவந்த தலையை ஏந்தியதும் இந்தத் துணியில்தான். பிறந்த குழந்தையைச் சுற்றியதும் இதில்தான், இறந்தவரைக் கிடத்திய இடத்தை மறைத்துக் கட்டியதும் இதுதான். மாதிரிகள் கனவில் வரும் என்பார்கள். கூச்சிங்கில் துன் ஜுகா அறநிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் பழைய புவாக்களின் முன் நின்றிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் நகர முடியவில்லை.

இதைச் சதுரம் சதுரமாக வெட்டுவதா? டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவர் காசு, அவர் வீடு.

7 ஆகஸ்ட், வியாழன்

இந்தியாவில் இன்று தேசியக் கைத்தறி நாள். 1905-இல் சுதேசி இயக்கம் தொடங்கிய தேதி என்பதால் 2015 முதல் கொண்டாடுகிறார்கள். பொருத்தமாக இன்றே பவானி ஜமுக்காளம் வந்து சேர்ந்தது. கறுப்பு, சிவப்பு, பச்சைப் பட்டை. தோளில் போட்டால் தோள் இறங்குகிறது, அவ்வளவு கனம்.

ஜமுக்காளத்தைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று அங்கே 1985-லேயே சட்டம் போட்டார்கள். பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும் விசைத்தறி நகல்கள் பாதி விலைக்கு வந்துவிடுகின்றன. எனக்கு அனுப்பியவர் ஒரு யோசனை சொன்னார்: "பட்டையோட அகலத்தை அளந்து பாருங்கம்மா. எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி ஒரே அளவா இருந்தா சந்தேகப்படுங்க." அளந்தேன். சிவப்பு ஒரு இடத்தில் அரை விரல் கூட. நிம்மதி.

16 ஆகஸ்ட், சனி

ஒரே நாளில் இரண்டு பார்சல்.

முதலாவது ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி, பேனாவால் கையில் வரைந்த துணி, இன்னொரு வாடிக்கையாளருக்கு. பிரித்ததும் கடை முழுக்க வாசம். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் மூங்கில் பேனாவைத் தொடுவார்கள். பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் கோடு பரவிவிடும். வரவேற்பறையில் மாட்ட வாங்குபவர்கள் முதல் வாரம் "என்ன நாத்தம்" என்று கூப்பிடுவார்கள். நான் இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நிழலில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள் என்று.

இரண்டாவது குஜராத்தின் கட்ச் பகுதி அஜ்ரக், பன்னிரண்டு மீட்டர். மர அச்சு, அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு. இரண்டு துணியையும் அருகருகே போட்டுப் பார்த்தேன். ஆந்திரா எங்கே, கட்ச் எங்கே, கறுப்பு மட்டும் ஒரே சமையல்: துருப்பிடித்த இரும்பை வெல்லத்தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவிட்ட சாறு. மாலி நாட்டு மண்துணியிலும் இதே கதைதான், இலைத் துவர்ப்பின் மேல் இரும்புச் சத்துள்ள சேறு. அந்தக் கறுப்புதான் பல வருடம் கழித்து முதலில் பொடிந்து உதிரும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் ஓட்டையாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

சாயப் பானையில் இரும்பு வேண்டும், ஆனால் அலசும் தண்ணீரில் கூடாது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்ச்சில் அஜ்ரக் அச்சிடும் தமட்கா ஊரில் தண்ணீர் மாறி இரும்பு கூடிப்போய் நிறமெல்லாம் மங்கியதாம். அச்சுக்காரர்கள் நல்ல தண்ணீர் தேடிப் போய்ப் புது ஊரே கட்டிக்கொண்டார்கள். அதன் பெயர் அஜ்ரக்பூர்.

அஜ்ரக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் தோன்றியது. இது மீட்டர் கணக்கில் ஓடும் துணி. எங்கே வெட்டினாலும் அடுத்த கட்டம் அதேதான். டாக்டரம்மாவின் எட்டு குஷனுக்கும் இதுவே போதும்.

23 ஆகஸ்ட், சனி

சூலியா தெருப் பக்கம் சைத்தூன் (ஆலிவ்) வாங்கப் போனவள், பழைய துணிக்கடைக்காரர் பாய் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன். "எங்கெங்கேயோ இருந்து துணி வரவழைக்கிறியாமே" என்று சிரித்தார். கட்டியிருந்த கட்டம் போட்ட சாரத்தைத் தட்டிக் காட்டி, "இதுக்குப் பேர் என்னம்மா?" என்றார். "காயின் பெலிகாட்." "பெலிகாட்னா எது? நம்ம பழவேற்காடுதான்."

பழவேற்காடு, புலிகாட், பெலிகாட். மலாய் வீடுகளில் தினமும் இடுப்பில் சுற்றிக்கொள்வது ஒரு சோழமண்டலக் கரை ஊரின் பெயரை. தேத்தண்ணீர் ஆறும்வரை பேசினோம். சைத்தூன் வாங்க மறந்துவிட்டேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

தப்பு முழுக்க என்னுடையது. டாக்டரம்மாவின் கட்டிலுக்காக உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த சுசானியை, பட்டுநூலில் பூத்தையல் போட்ட விரிப்பை, பிளாஸ்டிக் பையோடு அலமாரியில் வைத்துவிட்டுக் கோலாலம்பூர் போய்விட்டேன். ஐந்து நாள் மழை. நூறு வருடக் கடைவீட்டுச் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திறந்தால் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பூசணம்.

வெளியே எடுத்துப்போய் நிழலில் காயவைத்து, மெல்லிய வலைத்துணியை மேலே விரித்து வேக்குவம் பிடித்தேன். தண்ணீர் படவிடவில்லை. பட்டுநூல் சிவப்பு ஒழுகினால் அவ்வளவுதான். கறை போய்விட்டது, வாசம் லேசாக இருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்லி விலையில் 150 வெள்ளி குறைத்தேன். இனி எல்லாம் பருத்தித் துணியில் சுற்றித்தான்.

9 செப்டம்பர், செவ்வாய்

டாக்டரம்மா கடைக்கே வந்தார். முதலில் சுசானி. நடுவில் ஒரு பூவைக் காட்டி, "இது தப்பா தைச்சிருக்காங்களே" என்றார். பூவின் ஒரு பாதி கருஞ்சிவப்பு, மறுபாதி ஆரஞ்சு கலந்த சிவப்பு. இரண்டும் அரை அங்குலம் விலகி நிற்கின்றன. நான்கைந்து பட்டைத் துணிகளைத் தளர்வாக இணைத்துப் படம் வரைவார்கள், பிறகு பிரித்து வீட்டில் ஆளுக்கொரு பட்டையாக எடுத்துப் பின்னுவார்கள், கடைசியில் மறுபடி சேர்ப்பார்கள். "அப்போ இந்தப் பாதி அம்மா, அந்தப் பாதி மகளா?" "அத்தையாவும் இருக்கலாம் டாக்டர்." அதற்கப்புறம் அந்தப் பூவைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு புவா. போரையும் கனவையும் பற்றி நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் முகம் மாறவில்லை. எங்கள் தையல்கார அண்ணன் வேறு நடுவில் புகுந்து, "துணின்னா வெட்டத்தானேம்மா, கொடுங்க, எட்டு சதுரம் சுளுவா வரும்" என்றார். அவரை முறைத்தேன்.

கடைசியில் கணக்குதான் கை கொடுத்தது. 3,200-ஐ எட்டால் வகுத்தால் ஒரு உறைக்கு 400 வெள்ளி, கூலி தனி. அதன் மேல் தலை எண்ணெய், மேற்கு வெயில். "உங்க பூனையும்தான் சோபாவிலேயே படுக்குது" என்றேன். டாக்டரம்மா ஒரு நொடி யோசித்தார். "ஐயோ, அது எல்லாத்தையும் பிறாண்டும்மா. வேணாம், சுவத்துலயே மாட்டிடலாம்."

இத்தனை நூற்றாண்டுச் சடங்கு சாதிக்காததைப் பூனை சாதித்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. குஷனுக்கு அஜ்ரக் என்று முடிவாயிற்று. அண்ணன் உற்சாகமாகக் கத்தரியை எடுத்தார்.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசிய தின விடுமுறை. 1963-இல் இதே நாளில்தான் சரவாக் சேர்ந்தது. தேதியைத் திட்டமிடவில்லை, டாக்டரம்மாவுக்கு இன்றுதான் லீவு.

புவாவுக்கு ஆணி அடிக்கவில்லை. மேல் ஓரத்தில் பின்பக்கமாகப் பருத்திப் பட்டி வைத்துக் கைத்தையல் போட்டு, அதற்குள் வழவழப்பாகத் தேய்த்த மரக்கட்டையைச் செருகினோம். கண்ணாடிக்கு எதிர்ச்சுவர் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, வெயில் எட்டாத உள்சுவரில் மாட்ட வைத்தேன். சுசானி கட்டிலில், அஜ்ரக் சோபாவில். ஜமுக்காளத்தை டாக்டரம்மாவின் தாயார் விரித்த கையோடு காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அலங்காரத்துக்கு மடித்துப் போட வேண்டிய இடமெல்லாம் போயிற்று.

எல்லாம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது பூனை வந்தது. புவாவின் அடியில் தொங்கும் நூல் குஞ்சத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தது. பின்னங்கால்களில் எழுந்து ஒரு கையை நீட்டியது.

ஏணியை மறுபடி விரித்து, ஒரு அடி மேலே தூக்கி மாட்டிவிட்டு வந்தோம்.