செஸ்ட்நட் காட்டில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்

சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் மவுண்டன் பைக்குக்கென்றே (கரடுமுரடான பாதையில் ஓட்டும் சைக்கிள்) போட்ட தடம் 8.2 கி.மீ. சாலையில் மணிக்கு இருபது, இருபத்திரண்டு கி.மீ.யில் ஓட்டிப் பழகியவர் காட்டுப் பாதை என்பதற்காகக் கொஞ்சம் குறைத்து, பதினைந்து என்று வைத்துக்கொள்வார். அந்தக் கணக்கில் ஒரு சுற்று 33 நிமிடம். ஆனால் தடம் புதிதாக இருந்தால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். சிங்கப்பூர் நடைபாதைகளில் சைக்கிளுக்கான சட்ட வரம்பு மணிக்கு 10 கி.மீ. காட்டுக்குள் அதை மீற யாரும் சட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சராசரி அந்த வரம்பைத் தொடுவதே பெரும்பாடு.

இங்குள்ள ஒற்றையடித் தடங்களில் முதன்முறை வருபவர் 6 முதல் 8 வரை ஓட்டுவார். மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது வருபவர் 9 முதல் 11. நல்ல உடல்திறனும் தடத்தின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாகவும் இருந்தால் 13, 14. நிமிடத்தில் சொன்னால் செஸ்ட்நட் சுற்றுக்கு ஏழில் 70 நிமிடம், ஒன்பதில் 55, பதினொன்றில் 45, பதினான்கில் 35. பாரிஸ் ஒலிம்பிக்கில் (2024) மவுண்டன் பைக் பந்தயத்தில் தங்கம் வென்ற டாம் பிட்காக் சுமார் 35 கி.மீ. தூரத்தை 1 மணி 26 நிமிடத்தில் முடித்தார். சராசரி 24-ஐ ஒட்டி வரும். அது பாரிஸுக்கு அருகே எலான்கூர் குன்றில் போட்டிக்கென்று இறுக்கிப் போட்ட, கோடையில் காய்ந்து கிடந்த தடம். ஈர வேரும் களிமண்ணும் மூடிய நம் காட்டோடு அதை ஒப்பிட்டு மனம் நொந்து பயனில்லை.

சராசரி ஏன் இவ்வளவு கீழே நிற்கிறது? ஒரு கி.மீ. ஏற்றம், ஒரு கி.மீ. இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் 6 கி.மீ. வேகம் என்றால் 10 நிமிடம். இறக்கத்தில் 20 என்றால் 3 நிமிடம். இரண்டு கி.மீ.க்கு 13 நிமிடம், சராசரி 9.2. ஆறையும் இருபதையும் கூட்டி இரண்டால் வகுத்து வரும் 13 இல்லை, ஏனென்றால் நேரத்தின் பெரும்பகுதியை ஏற்றம் தின்றுவிடுகிறது. இப்போது துணிந்து இறக்கத்தை 25-க்கு உயர்த்தினால் மிச்சமாவது 36 விநாடி. ஏற்றத்தில் ஆறை ஏழாக்கினாலோ 1 நிமிடம் 26 விநாடி. இறக்கத்தில் ஐந்து கி.மீ. கூட்ட எலும்பைப் பணயம் வைக்க வேண்டும். ஏற்றத்தில் ஒன்று கூட்ட, சரியான கியர் போதும்.

சிங்கப்பூரில் மலையே இல்லையே என்பார்கள். உண்மைதான், மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்குள்தான். ஆனால் தடம் முழுக்கக் குட்டை ஏற்றங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் செங்குத்தாக ஏறி, உடனே இறங்கி, வளைந்து மறுபடி ஏறும். மூச்சு சீராக இடமே கிடைக்காது. முன் பல்சக்கரத்தில் 32 பல், பின் பல்சக்கரத்தில் 51 பல் உள்ள 29 அங்குலச் சக்கர வண்டியில் பெடலை நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் 5.2 கி.மீ. வேகம் வரும். பெரிய பல்சக்கரத்தில் 42 பல்லே உள்ள பழைய கேசட்டில் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) அதே 60 சுற்றுக்கு 6.3 வேண்டும். அந்த வேகத்தைக் கால் தாங்காதபோது சுற்று 40-க்கு விழுகிறது. ஒவ்வொரு மிதியும் உதையாக மாறி, பின் சக்கரம் வேரின் மேல் வழுக்கிச் சுழல்கிறது, கால் தரையில் ஊன்றுகிறது. பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறவர்களில் பலருக்குக் குறை காலில் இல்லை, கியரில் இருக்கிறது. புது கேசட் வாங்கப் பணம் இல்லையென்றால் முன் பல்சக்கரத்தை 30 அல்லது 28 பல்லாக மாற்றலாம். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். இன்னொன்று, கியரை ஏற்றத்தின் அடியிலேயே, பெடலில் பாரம் ஏறும் முன் மாற்றிவிட வேண்டும். நடு ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் தாவும். சில நாள் அறுந்தும் போகும். செயின் இணைக்கும் குவிக் லிங்க் ஒன்று பையில் கிடக்கட்டும்.

வேகத்தைக் கெடுக்கும் அடுத்த ஆள் டயர் காற்று. சாலைப் பழக்கத்தில் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு வருவார்கள். கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு வேரிலும் துள்ளும். துள்ளும் நேரமெல்லாம் பிடிமானம் இல்லை, முன்னேற்றமும் இல்லை. 70 கிலோ எடையுள்ளவர் 2.35 அங்குல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரில் முன்னே 20 முதல் 22, பின்னே 23 முதல் 25 வரை வைத்துத் தொடங்கலாம். டியூப் இருந்தால் ஐந்து பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். இல்லையேல் வேரின் விளிம்பு டியூபை ரிம்மோடு நசுக்கி, அருகருகே இரண்டு ஓட்டை போட்டுவிடும். கால் பம்பில் இருக்கும் மானி இந்தக் குறைந்த அளவுகளில் நம்பத்தக்கதல்ல. தனியாக ஒரு சிறிய மானி வாங்கிக்கொள்வது நல்லது. ஓட்டையைத் தானாக அடைக்கும் டியூப்லெஸ் திரவம் 29 அங்குல டயருக்கு 80 முதல் 100 மி.லி. நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும்.

வளைவில் நேரம் போவது பலருக்குத் தெரிவதே இல்லை. வளைவுக்குள் நுழைந்தபின் பயந்து பிரேக் பிடித்தால், டயர் தன் பிடிமானத்தைத் திரும்புவதற்கும் நிற்பதற்குமாகப் பங்கு போட வேண்டியிருக்கிறது. முன் சக்கரம் வழுக்கும், வேகமும் செத்துவிடும், வெளியே வந்தபின் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு மறுபடி மிதித்து ஏற்ற வேண்டும். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்து, விட்டுவிட்டு, பார்வையை வளைவின் வெளிவாயிலுக்குக் கொண்டுபோனால் ஒரு வளைவுக்கு இரண்டு விநாடி மிஞ்சும். அறுபது வளைவு என்றால் இரண்டு நிமிடம். வேர்களிலும் இதே ஒழுங்குதான். குறுக்கே செங்கோணமாகக் கடக்க வேண்டும், வேரின் மேல் பிரேக்கைத் தொடக் கூடாது. ஈரவேர் சாய்வாகக் கிடந்தால் எவ்வளவு நல்ல டயரும் காப்பாற்றாது.

மழை பெய்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் இரண்டு கி.மீ. கீழே இறங்கும். பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் தடம் நாள்கணக்கில் காயாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலில் சுமத்ரா காற்று மழையோடு வந்து காலைத் திட்டத்தைக் கலைத்துவிடும். ஊறிய களிமண்ணில் ஓட்டினால் சக்கரத் தடம் வாய்க்காலாகி, அடுத்த மழைநீர் அதிலேயே ஓடி, தடத்தை அரிக்கும். வேகத்தை விடுங்கள், தடத்துக்காகவாவது அன்று ஓட்டாமல் இருப்பதே முறை.

இனி அளவு. காட்டுக் கூரையின் கீழ் ஜிபிஎஸ் தடுமாறும். நெருக்கமான வளைவுகளைக் குறுக்கே வெட்டி நேர்க்கோடாக்கிவிடும். தூரம் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்து பதிவாவது சாதாரணம். 8.2 கி.மீ.யை 50 நிமிடத்தில் முடித்தவருக்குக் கருவி 7.5 என்று காட்டினால் உண்மையில் 9.8 ஆன வேகம் 9.0 ஆகிறது. கருவியில் பதிவை விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் கொஞ்சம் சரியாகும். சக்கரத்தில் மாட்டும் சென்சார்தான் நிச்சயம். அதற்குச் சக்கரச் சுற்றளவைப் பெட்டியில் பார்த்து எழுதாமல், டயரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வண்டியில் உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று உருட்டி அளக்க வேண்டும். சுமார் 2.3 மீட்டர் வரும். தானாக நிறுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். செங்குத்து ஏற்றத்தில் நீங்கள் நாலு கி.மீ.யில் திணறும்போது நின்றுவிட்டதாக நினைத்துக் கருவி கடிகாரத்தை நிறுத்தி, சராசரியை வீங்க வைக்கும். உங்கள் முன்னேற்றத்தைப் பார்க்க நல்ல வழி, அதே சுற்றுக்கு ஆகும் மொத்த நேரம்தான். இரண்டாம் சுற்று முதலாவதைவிடப் பத்து விழுக்காடு வரை மெதுவாவது இந்தப் புழுக்கத்தில் இயல்பு. அதற்கு மேல் விழுந்தால் முதல் சுற்றை வேகமாக ஓட்டிவிட்டீர்கள், அல்லது தண்ணீர் போதவில்லை. மணிக்கு 500 முதல் 750 மி.லி. குடிக்க வேண்டும்.

புக்கிட் தீமா தடம் சுமார் 6 கி.மீ. பாறையும் வேரும் செஸ்ட்நட்டைவிடக் கரடுமுரடு. அங்கே பத்து என்பது இங்கே பதினொன்றரைக்குச் சமம். அது இயற்கை வனக் காப்பகத்தின் ஓரம் என்பதால் தடத்தைவிட்டு விலகுவது குற்றம். குரங்குகள் குறுக்கே வரும், பையில் தின்பண்டம் தெரியும்படி வைக்காதீர்கள். மெட்ரோ ரயிலில் மடிக்கும் சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. அதனால் முழு அளவு வண்டியோடு இந்த இரண்டு தடங்களுக்கும் வர, 24 கி.மீ. நீளமுள்ள பழைய ரயில் பாதையின் பசுமை வழி வசதி. அதில் 15, 18 தாராளமாக வரும். அந்த வேகத்தையே காட்டுக்குள்ளும் எதிர்பார்க்காமல் இருந்தால் சரி.

புலாவ் உபின் தீவில் 2008-இல் திறந்த கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா சுமார் 10 கி.மீ. கிரானைட் குவாரியைச் சுற்றிய சரளையும் செம்மண்ணும். நிழல் குறைவு, வெயில் முதுகைச் சுடும். பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று கடினம் ஏறும். பச்சையில் மட்டும் போனால் 12 வரும், கறுப்பில் பலர் இறங்கித் தள்ளுவார்கள். சாங்கி முனையிலிருந்து படகு பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். இரண்டு சுற்று ஓட்ட இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால், படகுக்குக் காத்திருக்க இன்னொரு மணி நேரம் தனியாக எடுத்துவையுங்கள். படகுத்துறையருகே கிராமத்தில் வாடகை வண்டிகள் நிறைய உண்டு. தார்ச்சாலைக்குப் போதும். கறுப்புத் தடத்துக்கு வேண்டாம். எடுக்கும் முன் வலது கைப் பிடி முன் பிரேக்தானா என்று பாருங்கள், வண்டியை முன்னே தள்ளி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள், பின் கேசட்டின் பெரிய பல்லில் செயின் ஏறுகிறதா என்று பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஏறாவிட்டால் அடுத்த கடை.