காணொலி அமைப்பு: ஆடி மாத நாட்குறிப்பு

ஜூலை 14

அப்பா இனி வண்டியேறக் கூடாது என்பது உறுதியாகிவிட்டது. காலையில் பல்லடம் நூற்பாலை, மதியம் பெருந்துறை சாயப்பட்டறை, மாலையில் திருப்பூர்த் தையல் பிரிவு என்று இத்தனை ஆண்டுகளாக அவர் போய்வந்த சுற்றை, இனிக் கோவை வீட்டில் இருந்தபடியே நடத்துவதற்கு ஒரு காணொலி அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டிருக்கிறார். ஆடி பிறந்துவிட்டால் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது, சோதித்துப் பார்ப்பதற்குத் தடையில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். ஆவணிதான்.

ஜூலை 16

விற்பனையாளர் ஒருவர் அவினாசி சாலை அலுவலகத்துக்கு வந்து, பேசுபவரைத் தானே தேடித் திரும்பும் கேமராவையும் பெரிய திரையையும் காட்டினார். குளிரூட்டிய அறையில், ஃபைபர் இணைப்பில், எதுவுமே நன்றாகத்தான் தெரியும். இதைப் பெருந்துறையில் வைத்துக் காட்டுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்.

ஜூலை 18

பெருந்துறையில் அப்லோட், அதாவது நாம் அனுப்பும் வேகம், வினாடிக்கு 1.4 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இணைப்புக் கொடுத்தவர்கள் பேசுவதெல்லாம் டவுன்லோட் வேகத்தைத்தான். நம் முகமும் குரலும் அடுத்தவரைப் போய்ச் சேர்வதோ அப்லோடில். பலர் கூடும் 720 தரக் கூட்டத்துக்கு ஜூம் நிறுவனம் கேட்பது அப்லோட் 2.6 மெகாபிட், டவுன்லோட் 1.8. குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும். எனவே லைன் நெருக்கடியில் எந்த மென்பொருள் படத்தை முதலில் விட்டுக்கொடுத்துக் குரலைக் காப்பாற்றுகிறது என்பதையே என் முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

தாமதமும் குரலின் பிரச்சினைதான். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அது ஏறிக்கொண்டே போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். முதலாளி பேசுகிறாரே என்று சாயப்பட்டறை மேஸ்திரி ஒருமுறை நிறுத்திவிட்டால், அவர் சொல்ல வந்தது சொல்லப்படாமலே போய்விடும்.

ஜூலை 19

காற்று. காலை முழுவதும் பெருந்துறை லைன் இல்லை.

ஜூலை 22

பல்லடத்தில் சோதனை நடந்தது. சூப்பர்வைசர் கைப்பேசியைப் பிடித்தபடி, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களுக்கு நடுவே நடந்தார். படமும் தெளிவு, அவருடைய குரலும் தெளிவு. அப்பாவுக்கு மட்டும் முகம் சுருங்கியது. "மில்லு ஓடுதா கண்ணு? சத்தத்தையே காணமே" என்றார்.

ஒரே சீராக வரும் இரைச்சலை வேண்டாததென்று பிரித்து நீக்கும் ஏற்பாடு இன்றைய மென்பொருள்களில் இருக்கிறது. அலுவலகப் பேச்சுக்கு அது பெரிய உதவி. ஆனால் அப்பா ஆலைக்குள் கால் வைத்ததும் கவனிப்பது அந்த இரைச்சலைத்தான். பேரிங் தேய்வதையும் ஃபிரேம் நிற்பதையும் அவர் காதாலேயே அறிவார். ஜூமில் இசைக் கலைஞர்களுக்காக வைத்திருக்கும் ஒரிஜினல் சவுண்ட் வசதியை இயக்கியதும் ஆலை முழுவதும் அறைக்குள் வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்தக் கோடியில ஒண்ணு நிக்குதாட்ட இருக்குது, பாரு" என்றார். நின்றுதான் இருந்தது.

அப்போது சூப்பர்வைசர் பேசியது ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆக, பேச்சுக்கு இரைச்சல் நீக்கிய ஹெட்செட் ஒன்று, ஆலையைக் கேட்பதற்குத் தனிக் கைப்பேசி ஒன்று என இரண்டு வழியாக இணைய வேண்டும். இரைச்சல் நீக்கத்தை அணைக்க முடியாத எந்த அமைப்பும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எங்களுக்கு ஆகாது.

ஜூலை 25

சாயத்தின் ஷேடு பார்க்கத் திரை உதவாது என்று அண்ணனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையைக் கேமரா தானாகவே மாற்றிக்கொள்கிறது. மேஸ்திரி அதே லேப் டிப் துண்டை, அதாவது சாயமேற்றிய மாதிரித் துணியை, ஜன்னலருகே கொண்டுபோனதும் பச்சை நீலமாயிற்று. அதற்கு மேல், காணொலியைச் சுருக்கும்போது வழக்கமாக நிற விவரம் வெளிச்ச விவரத்தில் கால் பங்காகக் குறைக்கப்படுகிறது. லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கின் கீழ் துணியைக் கையில் வைத்துப் பார்த்தே ஒப்புதல் தர வேண்டும். துணி பெருந்துறையிலிருந்து கோவைக்கு வண்டியில் வரட்டும். பேச்சு மட்டும் திரையில் நடக்கட்டும்.

ஜூலை 28

இலவசமாகவே ஓட்டலாமே என்று அண்ணன் கேட்டார். ஜூமில் 40 நிமிடமும் கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேலோ கூடினால் 60 நிமிடமும்தான் எல்லை; அப்பாவின் சுற்று அதற்குள் அடங்காது. நம் சர்வரிலேயே ஜிட்சி என்ற திறமூல மென்பொருளை நிறுவலாம், கட்டணம் இல்லை, ஆனால் நள்ளிரவில் அது விழுந்தால் எழுப்புவதற்கு எங்களிடம் ஆள் இல்லை. ஜோஹோ மீட்டிங் என்ற காணொலி மென்பொருளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளரின் டிசைன் பேசப்படும் கூட்டங்களுக்கு, பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாத முழுமறையாக்கம் வேண்டும் என்று திருப்பூரில் கேட்கிறார்கள். ஜூமில் அதை இயக்கினால் கிளவுடில் பதிவுசெய்ய முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்பதை அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்தேன்.

2003இல் தொடங்கிய ஸ்கைப்பே 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டும் பொருந்தும் கருவியில் பணத்தைப் போடுவது சரியாகப் படவில்லை. எதனோடும் சேரும் யூஎஸ்பி கேமராவும் மைக்கும் போதும்.

ஜூலை 30

அப்பாவுக்குச் சோர்வு. சோதனை எதுவும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. மில் விடுமுறை. அப்பா இரண்டு முறை பெருந்துறையைப் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 6

மீண்டும் பெருந்துறை. எல்லா இடங்களின் படமும் ஒரே நேரத்தில் திரையில் நின்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாக அந்த மெல்லிய லைனில் இறங்குகிறது. பேசுபவரை மட்டும் காட்டும்படி மாற்றியதும் மூச்சு வந்தது. விற்பனையாளர் இன்றும் அங்கே வரவில்லை, அவரை விட்டுவிட்டேன். வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது ஃபைபர் லைன் கேட்டிருக்கிறேன். வேறு பாதையில், வேறு கம்பங்களில் வர வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தேன். அதுவரை சிம் போட்ட ரூட்டர், இரண்டுக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். நாளை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மேஸ்திரிக்கு ஹெட்செட் மாட்டிப் பார்க்க வேண்டும்.