சனியைக் காட்ட மூன்று கையெழுத்து

2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். திண்டுக்கல்லில் ஒரே சூரியக் கண்ணாடியை நாற்பது பேர் கைமாற்றிப் பார்த்தோம். முன்னால் பார்த்தவரின் வியர்வை அட்டையில் ஈரமாக இருக்கும், சட்டையில் துடைத்துவிட்டு நாமும் பார்ப்போம். இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது.

அடுத்த வருடம், 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் முழுநிலவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கி வந்தன. டெலஸ்கோப்பில் ஒரே பார்வையில் இரண்டும் தெரியும். கொரோனா என்று சும்மா இருக்க மனம் வரவில்லை. நாலு நண்பர்கள் சேர்ந்து பள்ளி மைதானத்தில் காட்டுவதென்று முடிவு செய்தோம். மார்ச்சிலிருந்து பள்ளி மூடித்தான் கிடந்தது, மைதானம் கிடைப்பது சுலபம் என்று நினைத்தேன். அதுதான் முதல் தப்பு.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் மைதானத்துக்குரியவரின் கடிதம் கேட்டார்கள். தலைமை ஆசிரியரிடம் போனால் கல்வி அலுவலகத்தின் கையெழுத்து இல்லாமல் சாவி தர மாட்டேன் என்றார். அங்கே தபால் பிரிவில் இருந்தவர் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, "சனிப்பெயர்ச்சி 27ஆம் தேதிதானே? நீங்க எதுக்கு 21க்குக் கேக்குறீங்க?" என்றார். இது வேறு சார் என்று விளக்கவே கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கடிதம் கிடைத்தது, ஆனால் தேதி போடாமல். அதைக் கவனிக்காமல் ஸ்டேஷனுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனேன். கையில் வாங்கியதும் தேதி, முத்திரை, கையெழுத்து மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள்.

இன்னொன்று. மனுவில் "பொதுமக்கள் கூடி" என்று எழுதியிருந்தேன். ஸ்டேஷன் ரைட்டர் அந்தக் "கூடி"யைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "முன்பதிவு செய்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து பார்த்துச் செல்லும்" என்று மாற்றி எழுதியதும் காரியம் முடிந்தது. சுகாதாரப் பிரிவில் மட்டும் தொல்லை இல்லை. பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு நோட்டு, வெப்பமானி, கை கழுவத் தண்ணீர், அவ்வளவுதான் கேட்டார்கள்.

இத்தனை அலைந்ததில் முக்கியமானதை யோசிக்கவே இல்லை. வெட்டவெளியில் பத்தடி தள்ளி நிற்பது பெரிய விஷயமில்லை. எல்லார் முகமும் மாறி மாறிப் போய் ஒட்டுகிற ஒரே இடம் ஐபீஸ்தான், அதாவது டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கிற லென்ஸ். கடைசி வாரத்தில்தான் உறைத்தது. ஒரே அளவில் மூன்று ஐபீஸ்களைச் சேர்த்து, குடும்பத்துக்கு ஒன்று என்று சுழற்ற ஏற்பாடு செய்தோம். ஒரு வீட்டார் பார்த்து முடித்ததும் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் அவை இறங்கும் மேற்குத் திசையில் கொடைக்கானல் மலை நிற்பதால் எட்டு மணிக்குள் இரண்டும் மறைந்துவிடும். ஆறரையிலிருந்து கணக்குப் போட்டால் எண்பது நிமிடம், வீட்டுக்கு நாலு நிமிடம், ஆக இருபது டோக்கன்.

டோக்கன் இல்லாதவர்களுக்கு இன்னொரு டெலஸ்கோப்பில் மொபைலை மாட்டி டிவியில் காட்டினோம். வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் வந்தது. மொபைல் திரையில் அதன்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்தால்தான் உருவம் தெரியும். அப்படிக் குறைத்தால் நிலாக்கள் காணாமல் போகும். ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யூடியூப்தானே தம்பி?" என்றார். ஓர் அட்டையை எடுத்து டெலஸ்கோப்பின் வாயை மூடினேன். டிவி இருண்டது. எடுத்தேன், சனி திரும்ப வந்தது. "அட!" என்று மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தார். மாஸ்க்கைப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னேன்.

மாஸ்க் என்றதும் ஞாபகம் வருகிறது. துணி மாஸ்க் போட்டுக்கொண்டு ஐபீஸில் குனிந்தால் மூச்சுக் காற்று மேலேறி லென்ஸில் ஆவி படிந்துவிடும். மாஸ்க்கின் மேல் ஓரத்தை மூக்கின்மேல் ஒட்ட மருந்துக்கடை டேப் ஒரு சுருள் வாங்கி வையுங்கள். நாங்கள் வாங்கவில்லை. முதல் மூன்று குடும்பங்கள் பார்த்ததில் பாதி நேரம் மூடுபனிதான்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று. உதவிக்கு வந்த கல்லூரிப் பையன், பாவம், அக்கறையோடு கைக்குப் போடும் சானிடைசர் ஜெல்லைப் பஞ்சில் பிழிந்து லென்ஸை அழுத்தித் துடைத்துவிட்டான். அதில் கிளிசரின் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஐபீஸில் வியாழனைப் பார்த்தால் சாமி படத்தில் போல ஒளிவட்டம். தப்பு என்னுடையது, நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. முகம் படுவது சுற்றியுள்ள ரப்பரில்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அந்த ரப்பரையும் கை படும் உலோகத்தையும் துடைத்துக் காயவிட்டால் போதும். நிகழ்ச்சியின் நடுவில் லென்ஸைத் தொடவே கூடாது.

இதெல்லாம் நடந்ததே ஏழு மணிக்கு மேல். ஆறரைக்குத் தயாராக நின்றோம், மலைமேல் மேகம் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. ஏழைத் தாண்டித்தான் விலகியது. ஐபீஸும் இரண்டாகிவிட்டதால் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டி, பதினோரு குடும்பங்களோடு ஆட்டம் முடிந்தது.

மார்கழி வானத்தை நம்பி ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி கேட்டதுதான் என் மகா தப்பு. 20, 22 தேதிகளிலும் அவை நெருக்கமாகத்தான் இருந்தன, முழுநிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று நாளைக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தால் அதே மூன்று கையெழுத்துதான். மறுநாள் சாயங்காலம் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மைதானத்தில் பூட்டு.

21 அன்று மீந்துபோன ஒன்பது டோக்கன்காரர்களுக்கு உச்சியில் இருந்த அரைநிலாவைக் காட்டிச் சமாளித்தேன். குழந்தைகள் பள்ளங்களைப் பார்த்துக் குதித்தன. பன்னிரண்டாம் டோக்கன்காரர் மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "நிலா எங்க வீட்டு மாடியிலேயே தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, டோக்கனை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.