லேபிள் இல்லாத கயிறு

அன்று பாறையேற்றப் பயிற்சியில், பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரப் பாறையிலிருந்து எல்லோரும் கயிற்றில் பத்திரமாக இறங்கினார்கள். குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் உச்சியில், இறங்குவதற்குச் சற்று முன்பு, என்னுடன் பணிபுரியும் இளைய பயிற்றுநர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்னது பதில்தானா, அல்லது பதவியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இறங்க வேண்டியவன் அவன். கயிற்றை உராய வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் இறங்கு கருவியை, ஸ்லிங் எனப்படும் தைத்த பட்டை வளையத்தால் ஹார்னஸிலிருந்து (இடுப்பிலும் தொடையிலும் அணியும் பட்டை) தள்ளி நீட்டி மாட்டியிருந்தான், அது சரி. கருவிக்குக் கீழே, கை தவறினால் கயிற்றைப் பிடித்து நிறுத்துவதற்காகச் சுற்றும் பேக்கப் முடிச்சுக்கும் அதே போன்ற, டைனீமா என்ற வலுவான செயற்கை இழையாலான ஒரு மெல்லிய ஸ்லிங்கைத்தான் சுற்றியிருந்தான். நான் என் இடுப்பிலிருந்த 6 மி.மீ. நைலான் கார்டை (மெல்லிய துணைக்கயிறு) கழற்றிக் கொடுத்து, "இதைப் போட்டுக்கொள்" என்றேன்.

அவன் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இதில் 22 கிலோநியூட்டன் விசை தாங்கும் என்று எழுதியிருக்கிறது. தயாரித்த வருடமும் இருக்கிறது. உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது, அண்ணா?"

ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. ஸ்லிங் தொழிற்சாலையிலேயே தைத்து, தரச் சான்றின் லேபிளோடு வருகிறது. கார்டை உருளையிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குகிறோம்; டபுள் ஃபிஷர்மேன் முடிச்சுப் போட்டு வளையமாக்குவது நம் கை. ஐரோப்பியத் தரவிதிப்படி 6 மி.மீ. கார்டின் ஓர் இழை குறைந்தது 7.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். 22க்கும் 7.2க்கும் உள்ள தூரம் அவனுக்கு நன்றாகத் தெரியும். எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

என் தரப்பில் காரணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. இறங்கும்போது பேக்கப் முடிச்சின் மேல் விழுவது ஓர் ஆளின் எடை. அது ஒரு கிலோநியூட்டனுக்கும் குறைவு. திடீரென்று இழுபட்டால் கொஞ்சம் கூடும். அந்த இடத்தில் 7.2 தாராளம், 22 தேவையே இல்லை. வேண்டியது பிடிப்பு. டைனீமா வழுக்கும் இழை. நைலான் கயிற்றின் மேல் அதைச் சுற்றினால் எப்போது கவ்வும், எவ்வளவு சறுக்கிய பிறகு கவ்வும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்தது சூடு. டைனீமா ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நைலானுக்கு 215க்கு மேல் வேண்டும். ஓடும் கயிற்றில் சுற்றிய வளையம் சறுக்கினால் உராய்வின் சூடெல்லாம் அந்தச் சில சுற்றுகளிலேயே தங்கும். கை தவறி, முடிச்சு சறுக்கி, பிறகு பிடிக்க வேண்டிய அந்த நொடிக்காகத்தானே அதை அங்கே வைத்திருக்கிறோம்?

இதில் பாதியைத்தான் அங்கே சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே கருவியிலிருந்து கையை எடுத்தான். ஆங்கரில், அதாவது கயிறுகளைப் பாறையோடு பிணைத்திருக்கும் இடத்தில், தனிக்கயிறு கட்டியிருந்ததால் ஆபத்தில்லை. ஸ்லிங் கயிற்றைக் கவ்விக்கொண்டு நின்றது.

"பிடிக்கிறதே, அண்ணா."

பிடித்தது உண்மை. ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, தையல் பகுதி சுற்றுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் டைனீமாவும் பெரும்பாலும் பிடிக்கும். வேறெதுவும் கையில் இல்லாமல் பாறை நடுவில் மாட்டிக்கொண்டால் நானும் அதையே சுற்றுவேன். அப்படியென்றால் அன்று நான் மறுத்தது எதை? நின்ற இடத்தில் பிடிப்பதையும், ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிப்பதையும் அவன் ஒன்றாகப் பார்க்கிறான் என்பதை. இதை அன்றே இந்த வார்த்தைகளில் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

வராததற்குக் காரணம் அவனுடைய அடுத்த வாக்கியம். "ஆங்கரில் லேபிள் இல்லாத ஸ்லிங்கைப் போட்டால் நீங்கள் வெட்டி எறிவீர்கள்."

ஆமாம், எறிவேன். லேபிளில் எழுத்து அழிந்து படிக்க முடியாமல் போனாலே அந்த ஸ்லிங் ஆங்கருக்கு ஆகாது என்பது எங்கள் கிடங்கில் நான் வைத்திருக்கும் விதி. ஆங்கரில் டைனீமாவை நானே விரும்புகிறேன்: தண்ணீரை உறிஞ்சாது, சிறிய இடுக்கிலும் நுழையும், நைலான் பட்டையை விட எடை குறைவு. நடுவில் முடிச்சுப் போட்டால் பலம் பாதிக்கு வந்துவிடும், நீட்சி இல்லாததால் ஸ்லிங்கிலேயே நேராக விழுந்துவிடக் கூடாது என்ற இரண்டு எச்சரிக்கைகளோடு அனுமதிக்கிறேன். கருவியை நீட்டி மாட்டவும் அதே ஸ்லிங்தான். ஆக, அதே பொருளை ஆங்கரிலும் கருவியை மாட்டவும் நம்பு, பேக்கப் முடிச்சில் நம்பாதே என்கிறேன். ஆங்கரில் தொழிற்சாலையின் எழுத்தை நம்பு என்று சொல்லிவிட்டு, இரண்டடி தள்ளி என் முடிச்சை நம்பு என்கிறேன்.

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "அது வேறு, இது வேறு. இப்போது மாற்று" என்றேன். மாற்றிக்கொண்டு இறங்கினான்.

அது வேறுதான், இது வேறுதான். ஆங்கர் அறுந்து கெடும்; பேக்கப் வழுக்கிக் கெடும். ஒன்றுக்குப் பலம் பார்க்க வேண்டும், மற்றொன்றுக்குப் பிடிப்பும் சூடும் பார்க்க வேண்டும். பாறை விளிம்பில் விவாதம் நடத்தக் கூடாது, பொறுப்பில் இருப்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கீழே வந்து சண்டை போடலாம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நாளையே மறுபடி நடந்தாலும் மாற்றச் சொல்வேன்.

ஆனால் அவன் கேட்டது பலத்தைப் பற்றி மட்டும்தானா? நானும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது தோன்றுவது வேறு: உங்கள் கயிற்றுக்கு யார் சாட்சி என்று கேட்டிருக்கிறான். எப்போது வாங்கினது, எத்தனை வெயில் பார்த்தது, இந்தக் கிரானைட்டின் கரடு மேலுறையை எவ்வளவு தின்றிருக்கிறது, எல்லாம் என் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. டாட் ஸ்கின்னரின் கதையை ஒவ்வொரு புதிய பயிற்றுநருக்கும் நான் சொல்கிறேன். பல பத்தாண்டு அனுபவமுள்ள அமெரிக்க ஏறுநர், 2006 அக்டோபரில் யோசெமிட்டியின் லீனிங் டவர் என்ற பாறையில் கயிற்றில் இறங்கும்போது ஹார்னஸின் முன்பக்கத்தில் கருவியை மாட்டும் வளையமான பிலே லூப் அறுந்து இறந்தார். தேய்ந்திருக்கிறது என்று முன்பே தெரியும். புதிய ஹார்னஸ் வரவழைக்கச் சொல்லியிருந்தார். லேபிள் இருந்தாலும் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடு என்பதற்காக நான் சொல்லும் கதை அது. அனுபவசாலியின் கண்ணையும் அப்படியே நம்பிவிடாதே என்றும் அதைக் கேட்கலாம். அவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடும்.

இப்போது கார்ட் வெட்டியதும் முடிச்சின் வாலில் பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதுகிறேன். எழுத்து சீக்கிரம் அழிகிறது. மேலே மறுபடி எழுதினால் அது சான்றாகுமா என்றும் தெரியவில்லை. அராமிட் என்ற வேறொரு செயற்கை இழையில் தைத்த வளையங்கள் சந்தையில் கிடைக்கின்றன. லேபிளும் உண்டு, சூட்டையும் நன்றாகத் தாங்கும். இரண்டு பேருடைய வாதத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் அராமிட் திரும்பத் திரும்ப மடிந்தால் உள்ளுக்குள் பலமிழக்கும், வெளியே காட்டிக்கொள்ளாது. வகுப்புகளில் நாள் முழுவதும் சுற்றி அவிழ்க்கும் வேலைக்கு அதைத் தர எனக்குத் தயக்கம்.

அவன் இப்போது நைலான் கார்டைத்தான் போடுகிறான். புரிந்து போடுகிறானா, நான் சொன்னதால் போடுகிறானா என்று தெரியவில்லை. இதுதான் எனக்குக் கவலை. நான் சொன்னதற்காக மாற்றியவன், நாளை இன்னொரு மூத்தவர் சொன்னால் திரும்பவும் மாற்றிக்கொள்வான். அன்றைக்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அடுத்த கொள்முதல் பட்டியலை அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்த விட்டம், எந்த இழை, எத்தனை மீட்டர், எதற்காக என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும். 6 மி.மீ. நைலான் அதில் இல்லாவிட்டாலும் பட்டியலை நான் திருத்தப் போவதில்லை. முதலில் உட்கார்ந்து அவன் காரணத்தைக் கேட்பேன்.