நாலு வருஷம், ஒன்பது கதை, இப்பத்தான் ஒரு ரெண்டாம் பரிசு: புதுசா எழுத வர்றவங்களுக்கு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு. சிறுகதைப் போட்டில ரெண்டாம் பரிசு. நான் அப்ப துணி தைக்கற கம்பெனில செக்கிங் டேபிள்ல நின்னுட்டு இருந்தேன், போன் பையில இருந்துச்சு, டீ டைம்ல எடுத்துப் பார்த்தா போட்டி நடத்தறவங்க கிட்ட இருந்து மூணு மிஸ்டு கால். திரும்பக் கூப்ட்டுக் கேட்டதும் கை நடுங்கிருச்சு. யார்கிட்டயும் சொல்லாம மறுபடி போய் நின்னு அன்னைக்கு மிச்சம் இருந்த பீஸையெல்லாம் பார்த்து முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அதுக்கப்புறம் நாலஞ்சு பேர் எப்படி எழுதுனீங்க, நாங்களும் அனுப்பணும்னு கேட்டாங்க, அதான் ஞாபகம் இருக்கறப்பவே எழுதி வைக்கறேன். போட்டின்னா என்ன, எங்க அறிவிப்பு வரும்ங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

முதல்ல என் கோபத்தச் சொல்லிடறேன், ஏன்னா இதுல எனக்கு ஒன்றரை வருஷம் போச்சு.

நான் நோட்டுல கையால எழுதறவ. முதல் ரெண்டு கதையையும் பக்கத்துல ஒரு டிடிபி சென்டர்ல குடுத்து டைப் பண்ணி, அந்த வேர்டு ஃபைல அப்படியே மெயில்ல ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதிலே இல்ல. சரி, கதை நல்லா இல்ல போலன்னு நினைச்சேன். மூணாவதையும் அனுப்பினேன், அதுக்கும் பதில் இல்ல. அப்ப எனக்குள்ள என்ன ஆச்சுன்னா, நமக்கு எழுத வரல, எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்துட்டு வந்து இது எதுக்குன்னு நோட்ட எடுத்து பீரோல சேலைக்கு அடியில வச்சுட்டேன். ஒன்றரை வருஷம் ஒரு வரி எழுதல. கடைசியா ஒரு நாள் தைரியம் பண்ணி அந்தப் பத்திரிகைக்கு போன் பண்ணிக் கேட்டேன். அங்க இருந்தவர் மெயில தேடி எடுத்துப் பார்த்துட்டு, "மேடம், உங்க ஃபைலத் திறந்தா எல்லாம் ஏபிசிடியாத்தான் இருக்கு, நடுநடுவுல அரைப்புள்ளியா இருக்கு, இத நாங்க யாரும் படிக்கவே இல்லையே"ன்னாரு.

பாமினி ஃபான்ட். அந்த ஃபான்ட் இருக்கற கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அது தமிழாத் தெரியும், இல்லாத இடத்துல வெறும் ஆங்கில எழுத்து, நம்ம புள்ளி வைக்கற இடத்துலயெல்லாம் அரைப்புள்ளி. என் கதைய யாரும் வேண்டாம்னு சொல்லவே இல்ல, யாரும் படிக்கவே இல்ல. ஆனா நான் எனக்கு எழுத வராதுன்னு முடிவு பண்ணி ஒன்றரை வருஷம் உக்காந்திருந்தேன். "ஃபைல் திறக்கல, வேற அனுப்புங்க"ன்னு ஒரு வரி அவங்க பதில் போட்டிருக்கலாம். இன்னைக்கும் எனக்கு அது ஆறல.

அதனால தயவு செஞ்சு யூனிகோடுல, அதாவது எந்தக் கம்ப்யூட்டர், எந்த போன்ல திறந்தாலும் தமிழாவே தெரியற முறைல, டைப் பண்ணுங்க. தமிழ்நாடு அரசே 2010ல யூனிகோடத் தரம்னு அறிவிச்சிருச்சு, ஆனா பிரஸ், டிடிபி பக்கம் இன்னும் பழைய ஃபான்ட் ஓடிட்டுத்தான் இருக்கு. வெளில குடுத்து டைப் பண்ணா, வாங்கினதும் அந்த ஃபைல்ல இருந்து ஒரு வரிய காப்பி பண்ணி வாட்ஸப்ல யாருக்காவது ஒட்டி அனுப்பிப் பாருங்க. தமிழா வந்தா சரி. கன்னாபின்னான்னு வந்தா பழைய ஃபான்ட், என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்னுல போட்டு மாத்திடலாம், மாத்தினப்புறம் ஒரு தடவை முழுசாப் படிச்சுடுங்க. பிடிஎஃப்ப மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, அதுல ஃபான்ட்டும் சேர்ந்தே வந்துடும், எங்க பார்த்தாலும் நல்லாத்தான் தெரியும். நான் இப்ப போன்லயே தமிழ்99 கீபோர்டு வச்சு டைப் பண்றேன், பழக ரெண்டு வாரம் ஆச்சு.

இப்ப முக்கியமான விஷயம். யாரு என்ன கேட்டாலும் நான் இத ஒன்னத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். கதைய எழுதி முடிச்சதும் இன்னொருத்தர வாய்விட்டுப் படிக்க வைங்க. நீங்க படிக்கக் கூடாது. அவங்க படிக்கணும், நீங்க கேக்கணும்.

நம்ம எழுதினத நாமளே சத்தமாப் படிச்சா போதும்னு நிறைய பேர் சொல்றாங்க, நானும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன். அது பத்தல. நம்ம மனசுல என்ன இருக்கோ அத நம்ம வாய் தானா நிரப்பிக்கும். எங்க கம்பெனில தைச்சவங்களையே அந்த பீஸ செக் பண்ண விட மாட்டாங்க, அவங்க கண்ணுக்கு விட்டுப் போன தையல் தெரியாது. வேற ஒருத்தர் லைட்டுக்குக் கீழ விரிச்சுப் பார்த்து, தப்பு இருக்கற இடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர ஒட்டித் திருப்பி அனுப்புவாங்க. பதினோரு வருஷமா அந்த ஸ்டிக்கர் ஒட்டற வேலைதான் எனக்கு. ஆனா கதைக்கும் அப்படி ஒருத்தர் வேணும்னு ரொம்ப நாள் தோணல.

எனக்குக் கிடைச்சது எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. தினமும் காலைல பேப்பர திண்ணைல உக்காந்து சத்தமாப் படிப்பாங்க, மனசுக்குள்ள படிக்கற பழக்கமே இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை என் பிரிண்ட் அவுட் பேப்பருக்குள்ள கலந்து கிடந்திருக்கு, எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் சமையக்கட்டுல வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தேன், முதல் வரியக் கேட்டதும் கத்தியக் கீழ வச்சுட்டேன்.

"இருளின் கனத்த போர்வையை விலக்கியபடி நம்பிக்கையின் முதல் கீற்றைத் தேடி அவள் நடந்தாள்."

இதுதான் நான் எழுதின முதல் வரி. அந்த வரி மேல எனக்கு அவ்வளவு ஆசை. அத்தை "இருளின் கனத்த"ன்னு நிறுத்துனாங்க, மறுபடி ஆரம்பிச்சாங்க, "கீற்றை"ல மறுபடி நின்னாங்க, கண்ணாடிய மேல தூக்கிட்டு, "ஏங் கண்ணு, இவ எங்க போறா?"ன்னு கேட்டாங்க.

"ஷிப்டுக்குங்கத்தை."

"அப்ப அதச் சொல்ல வேண்டியதுதான?"

இப்ப பரிசு வாங்கின கதையோட முதல் வரி, "அஞ்சே முக்கால் வேனைப் பிடிக்க அவள் டிபன் பாக்ஸை மூடாமலேயே ஓடினாள்." அவ்வளவுதான். மூடாத டிபன் பாக்ஸ் பழைய முதல் வரில இல்லவே இல்ல, எங்க போறான்னு யோசிச்சப்பத்தான் வந்துச்சு.

அன்னைக்கு இன்னொன்னும் நடந்துச்சு. கதைல செல்வின்னு ஒருத்தி, செல்லம்மான்னு அவ மாமியார். அத்தை மூணு இடத்துல பேர மாத்திப் படிச்சுட்டாங்க. எனக்கு முதல்ல எரிச்சலா வந்துச்சு, ஒழுங்காப் படிக்கக் கூடாதான்னு. அப்புறம் யோசிச்சா தப்பு அவங்க மேல இல்ல, படிக்கறவங்களுக்கு பேரோட முதல் எழுத்துதான் கண்ணுல படும். மாமியார் பேர ராக்காயின்னு மாத்தினேன். அதுக்கப்புறம் அந்தக் குழப்பமே வரல.

நான் இப்ப பண்ற முறை இதுதான், அப்படியே எழுதறேன்.

- 14 சைஸ்ல, வரிக்கு வரி நல்லா இடம் விட்டு ரெண்டு காப்பி பிரிண்ட். ஒன்னு அவங்க கைல, ஒன்னு என் கைல, கூட பென்சில்.
- கதையப் பத்தி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.
- அவங்க திக்கின இடத்துல ஒரு கோடு. திரும்பப் போய்ப் படிச்ச இடத்துல வட்டம். வேகமாப் போற இடத்துல டிக்.
- நடுவுல திருத்தக் கூடாது, விளக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். நான் பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.
- அவங்க எந்திரிச்சுப் போன இடத்தக் கண்டிப்பா குறிக்கணும். ஒரு கதைல ரெண்டாவது பக்கத்துல முதல் விசிலுக்கே அத்தை குக்கர அணைக்கப் போனாங்க. அதே கதைல அஞ்சாவது பக்கத்துல மூணு விசில் விட்டும் அசையல. ரெண்டாவது பக்கத்த முழுசா எடுத்துட்டேன்.
- முடிச்சதும் "நல்லாருக்கா"ன்னு கேக்காதீங்க. வீட்டு ஆளுங்க நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. "என்ன கதைன்னு சொல்லுங்க"ன்னு மட்டும் கேளுங்க. அவங்க திருப்பிச் சொல்றப்ப நீங்க முக்கியம்னு நினைச்சது வரலேன்னா அது பேப்பர்ல இல்ல, உங்க மனசுலதான் இருக்கு.

அத்தை மாதிரி ஆள் இல்லாதவங்க பத்தாவது படிக்கற பிள்ளைங்க, ரூம்மேட், பக்கத்து வீட்டு அக்கான்னு யாரையாவது பிடிங்க. எழுதறவங்க வேண்டாம். அவங்க திக்கினாலும் சமாளிச்சுப் படிச்சுடுவாங்க, அப்புறம் அந்த எழுத்தாளர் மாதிரி இருக்கு, இந்த எழுத்தாளர் மாதிரி இருக்குன்னு பேசுவாங்க. வாசகர் வட்டம், வாட்ஸப் குரூப் இதெல்லாம் நல்லா உதவுதுன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு பத்துப் பேர் முன்னாடி என் கதையப் பத்திப் பேசினா அதுக்கப்புறம் ஒரு மாசம் எழுதவே வராது. நான் அப்படிப்பட்ட ஆள். உங்களுக்குக் கூட்டம் பிடிச்சா போங்க.

போட்டிக்கு அனுப்பறப்ப நான் பட்ட மத்த அடிகள்.

"வேறு எங்கும் வெளிவராத கதை"ன்னா ஃபேஸ்புக்ல போட்டதும் வெளிவந்ததுதான். என்னோட ஆறாவது கதை இதுலதான் போச்சு, ஆசையா போட்டேன், நாப்பது லைக் வந்துச்சு, போட்டில எடுத்துக்கல. கதைப் பக்கத்துல பேர் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா ஃபைலோட பேர்லயும் இருக்கக் கூடாது. வார்த்தை எண்ணிக்கைல 50, 60 கம்மியாவே நில்லுங்க, தமிழ்ல சேர்த்து எழுதறது பிரிச்சு எழுதறதப் பொறுத்து எண்ணிக்கை மாறும், "வந்துகொண்டிருந்தான்" ஒன்னா ரெண்டான்னு அவங்களோட சண்டை போட முடியாது. ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணின்னு ரெண்டு திருத்தி நெட்டுல இலவசமாவே இருக்கு, ஆனா அது சொல்றதெல்லாம் ஏத்துக்காதீங்க, பேச்சு வழக்கு வசனத்தயெல்லாம் தப்புன்னு காட்டும். ஒரே கதைய ஒரே சமயத்துல ரெண்டு இடத்துக்கு அனுப்பாதீங்க. ஒரு நோட்டுல எந்தக் கதை, எங்க, எந்தத் தேதின்னு எழுதி வைங்க, மூணு மாசம் ஆகியும் பதில் இல்லேன்னா ஃபைல் திறந்துச்சான்னு போன் பண்ணிக் கேளுங்க. கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு தயங்காதீங்க. நான் தயங்கித்தான் ஒன்றரை வருஷத்த விட்டேன்.

நேரம் எங்க கிடைக்குதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. காலைல நாலே முக்கால்ல இருந்து அஞ்சரை வரைக்கும், வாரத்துல நாலு நாள். அதுக்கு மேல எனக்கு முடியல. ஒரு கதைக்கு ரெண்டு மாசம் ஆகும். தினமும் ஆயிரம் வார்த்தை எழுதுங்கன்னு சொல்றதெல்லாம் கேட்டு பயந்துடாதீங்க, நாலு வருஷத்துல நான் முடிச்சு அனுப்பினது மொத்தமே ஒன்பது கதை, அதுல மூணு யாரும் படிக்காமயே போனது. வேலைக்குப் போறவங்க, பிள்ளை வச்சிருக்கறவங்க, இங்கிலீஷ் தெரியலயேன்னு நினைக்கறவங்க, உங்களுக்கு எழுத விஷயம் இருக்கு, மத்தவங்களுக்குத் தெரியாத வேலை உங்களுக்குத் தெரியும். நடுவர் என்கிட்ட போன்ல பேசுனப்ப கதைல வர்ற ஸ்டிக்கர் விஷயத்தப் பத்திதான் ரொம்ப நேரம் கேட்டார்.

பரிசு வந்த ரெண்டாவது நாளே புக்கு போடலாம்னு ஒருத்தர் கூப்ட்டார். சந்தோஷமாப் பேசிட்டு, கடைசில நாப்பதாயிரம் கட்டணும்னார். எனக்கு ரெண்டரை மாச சம்பளத்துக்கும் மேல. காசு குடுத்து புக்கு போடறது குற்றம்னு நான் சொல்லல, நமக்கு வசதி இருந்து, எத்தனை காப்பி, எத்தனை பக்கம், என்ன பேப்பர், மிச்ச காப்பி யார்கிட்ட இருக்கும்னு எல்லாம் எழுத்துல வாங்கிட்டு பண்ணா அது ஒரு வழிதான். ஆனா "பதிப்பிக்கறோம்"னு சொல்லிட்டு காசு கேக்கறது வேற. பதிப்பகம்னா அவங்க செலவு பண்ணி, விக்கற காப்பிக்கு நமக்குப் பங்கு, அதாவது ராயல்டி குடுக்கணும், வழக்கமா விலைல பத்து சதவீதம்னு பேசுவாங்க. அவர் ஐஎஸ்பிஎன், அதாவது புக்கோட அடையாள எண், வாங்க மட்டும் தனியா ஒரு தொகை சொன்னார். நம்ம நாட்டுல ஐஎஸ்பிஎன்னுக்குக் கட்டணமே கிடையாது, ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்கற தேசிய அமைப்பு இலவசமாவே குடுக்குது, எழுதறவங்களே ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சுக்குங்க. எழுதின நிமிஷமே காப்புரிமை நம்மளுது, எங்கயும் பதிவு பண்ணித்தான் ஆகணும்னு இல்ல. 1957ம் வருஷச் சட்டப்படி உரிமைய எழுதிக் குடுக்கறது எழுத்துல, நம்ம கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும், எத்தனை வருஷத்துக்குன்னு அதுல போடலேன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்கணும், எந்த நாட்டுக்குன்னு போடலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனால "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்"னு ஒரு வரி இருந்தா அங்கயே நில்லுங்க, பேனாவ மூடிடுங்க. இது நம்ம காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் நம்ம பிள்ளைங்களுக்கு வர வேண்டிய சொத்து.

நான் இப்போதைக்கு புக்கு போடல. ஒன்பது கதைல நாலுதான் தேறும், இன்னும் எட்டு கதையாவது வேணும். பத்தாவது கதை போன மாசம் முடிஞ்சு நோட்டுலதான் இருக்கு, இந்த வாரம் டைப் பண்ணிட்டு இருக்கேன். அத்தைக்கு கண்ணு கொஞ்சம் மங்கலாயிருக்கு, 14 பத்தல, எழுத்தப் பெருசாப் போடு கண்ணுன்னாங்க. 18ல பிரிண்ட் எடுக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல, சாம்பார் வைக்கறதுக்கு முன்னாடி உக்காரலாம்னு சொல்லிருக்காங்க.