எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறீர்களா? உடம்பில் கிடக்கும் செல் (எறிகணை) துண்டை மறக்காமல் சொல்லுங்கள்

அம்மாவின் எம்.ஆர்.ஐ. ஒருவழியாக முடிந்துவிட்டது. ஆனால் பதிவு மேசையில் நடந்ததை நினைத்தால் கோபம் இன்னும் ஆறவில்லை.

நாரி நோ காலில் இறங்கி விறைப்பாக மாறியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டையும் நரம்பையும் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும் என்றார் நிபுணர். திகதி கிடைத்தது, போனோம்.

பதிவு மேசையில் இருந்தவர், உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்றெல்லாம் கேட்கும் ஆங்கிலப் படிவத்தை எடுத்தார். அம்மாவை நிமிர்ந்தும் பார்க்காமல், எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் தானே புள்ளடி போட்டு, "கையெழுத்து வையுங்கள்" என்றார். வாசித்துப் பார்க்கக் கேட்டேன். "பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்று படிவத்தை இழுத்துக்கொண்டார்.

காப்பாற்றியவர் ஸ்கான் அறை வாசலில் நின்ற பெண் ஊழியர். தாலிக்கொடியில் கொளுவியிருந்த ஊசிகள்வரை கழற்றச் சொன்னவர், "அம்மா, சண்டைக் காலத்தில் காயம் ஏதும் பட்டதா?" என்று கேட்டார்.

"1995 இடப்பெயர்வில் கெண்டைக்காலில் செல் பட்டது பிள்ளை. ஒரு துண்டை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்."

அம்மாவை அந்த வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

அந்த இயந்திரத்தின் காந்தம் ஆள் இல்லாத நேரத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும். அதன் காந்தப்புல வலிமை 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு. உடம்பின் நீரில் உள்ள ஐதரசன் அணுக்கருக்களை அது ஒழுங்குபடுத்த, ரேடியோ அலை அவற்றைக் கலைக்கிறது. அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வரும் சமிக்ஞைகளைக் கொண்டு கணினி படம் அமைக்கிறது. உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் காந்தம் அதையும் இழுக்கும். அலையால் அது சூடேறவும் கூடும். கண்ணிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ பெரிய இரத்தக்குழாயின் பக்கத்திலோ கிடந்தால் பேராபத்து. யாழ்ப்பாணத்தில் எத்தனை பேரின் உடம்பில் இன்னும் செல் துண்டு கிடக்கிறது! இந்தக் கேள்வியைத் தமிழில் வாய்விட்டுக் கேட்காமல் புள்ளடி போட அந்தப் பதிவு மேசைக்காரருக்கு எப்படி மனம் வந்தது?

அன்று வந்த வழியே திரும்பினோம். பிறகு கெண்டைக்காலை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினோம். துண்டு இரத்தக்குழாய்க்கு விலகித் தசைக்குள் இருப்பதைப் பார்த்துக் கதிரியக்க நிபுணர் அனுமதித்தார். காலில் சூடோ இழுவையோ தெரிந்தால் அமுக்கும்படி கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்தார்கள். அம்மா அதை அமுக்கவே இல்லை.

படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கூடவே கொண்டுபோங்கள். துண்டு இருக்கும் இடத்தை நிபுணரிடம் எழுதி வாங்கி, அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நாரியில் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இப்போதைக்குச் சத்திரசிகிச்சை வேண்டாமாம், பிசியோதெரபி தொடங்கியாயிற்று.